பதினோரு தாளிலும் ஒரே வால்

ஓய்வுபெற்றவர்கள் பக்கத்துக்கு எழுதச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். எனக்கு வயது முப்பத்தொன்று. தலையில் ஒரு நரைமுடி இல்லை; கண்ணாடி முன் நின்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். ஆனால் சுரங்கத்து கிளப் மலரைத் தொகுக்கும் செயலாளர் விடவில்லை. "வேலைய வுட்டுப் போனவங்க எல்லாம் ரிட்டயர் ஆனவங்கதாம்மா. பன்னண்டு வருஷம் இங்க கோடு போட்டுட்டு, இப்போ பெங்களூர் லைப்ரரில போய் குந்திகினு இருக்கற. எழுது" என்றார்.

அதோடு டிரேசிங் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த மூன்று பெண்கள் போன வாரம் நான் ஊருக்கு வந்தபோது ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அக்கா, அந்த வாலு கதைய எழுதுங்கக்கா. ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்றார்கள். ரஷ்யாக்காரரோடு நான் சண்டை போட்டதாக ஒருத்தி கேள்விப்பட்டிருந்தாள். மேஜைமேல் ஏறி நின்று கத்தியதாக இன்னொருத்தி. மேஜைமேல் ஏறவில்லை. ஸ்டூல்தான்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். நைனா சுரங்கக் குழியில், ஷாஃப்டுக்குள் டிராலி தள்ளுகிறவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸான அன்றைக்கு அவர் என்னைக் கூப்பிடும் விதமே மாறிப்போனது. அதுவரை "வாம்மா, போம்மா". அன்றிலிருந்து "வாங்க, போங்க". "சாப்டீங்களா?" என்று சொந்த அப்பா கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

சுரங்கத்து டிராயிங் ஆபீஸில் டிரேசராகச் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் தொழிலாளர் லைனில் மூன்றாவது வீட்டு மரகதக்கா, "கோடு போடறதுக்கு எதுக்குடி இத்தினி படிப்பு? நான் தெனம் வாசல்ல போடறேன். எனக்கு எவன் சம்பளம் குடுக்கறான்?" என்று தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறதோ என்று எனக்கே ஒரு நிமிடம் தோன்றியது.

இன்ஜினியர்கள் வரைந்த படத்தின் மேல் மெழுகுப் பூச்சுபோல் வழவழப்பான, ஊடுருவித் தெரியும் ஒரு துணியை விரித்து, குண்டூசி அடித்து, அடியில் தெரிவதை மையால் அப்படியே மேலே எடுப்பதுதான் டிரேசிங். அந்தத் துணியை வைத்து எத்தனை நீலப் பிரிண்ட் வேண்டுமானாலும் போடலாம். ஃபிட்டர்கள் கையில் போவது அந்த பிரிண்ட். கோடு ஒரு மயிரிழை பிசகினால் இரும்பு ஒரு அங்குலம் பிசகும் என்பார்கள். துணிக்குப் பரம எதிரி தண்ணீர். ஒரு சொட்டு வியர்வை விழுந்தால் அந்த இடம் வெளுத்துச் சுருங்கிவிடும். அதனால் முழங்கைக்குக் கீழே மையொற்றும் காகிதம், பக்கத்தில் ஒரு டப்பா சாக்பீஸ் தூள். தப்பு நடந்தால் பாதி பிளேடால் மெல்லச் சுரண்டி, நகத்தால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அதிகம் சுரண்டினால் ஓட்டை. ஓட்டை விழுந்தால் மொத்தத் தாளும் போச்சு. போன தாளை யாரும் தூக்கிப் போடமாட்டோம். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொதிநீரில் அலசினால் கஞ்சி எல்லாம் போய் அருமையான மல்துணி கிடைக்கும். ஆபீஸில் எல்லோருடைய கைக்குட்டையும் யாரோ ஒருவருடைய தப்புதான். முதல் மாதத்தில் நான் கெடுத்துத் தந்த துணியில் மூத்த டிரேசர் ஜெயம்மா அக்கா தன் பேரனுக்கு இரண்டு சட்டை தைத்தார்.

எங்கள் தலைமை டிரேசர் தேவசகாயம் சார். குரலை உயர்த்தி யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. திட்டினால் பரவாயில்லை என்று இருக்கும். ஷூ லேஸில் கோத்த பூதக்கண்ணாடி ஒன்று அவர் கழுத்தில் தொங்கும். தப்பு கண்ணில் பட்டதும் முதலில் அந்தக் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் நிதானமாகத் துடைப்பார். பிறகு மறுபடி பார்ப்பார். பிறகு, "இன்னாம்மா இது?" என்பார். அவ்வளவுதான். சிவப்புப் பென்சிலால் தப்பைச் சுற்றி ஒரு வட்டம், நம் பெயர் எழுதிய நோட்டில் இன்னொரு வட்டம். தகுதிகாண் ஆறு மாதத்தில் மூன்று வட்டம் வாங்கினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒவ்வொரு தாளின் வலது கீழ் மூலையிலும் சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும்: வரைந்தவர், டிரேஸ் செய்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர். யார் கோடு போட்டாரோ அவர் பெயர்தான் டிரேசர் கட்டத்தில் இருக்க வேண்டும். லீவில் போனவரின் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லி ஒருமுறை மேலதிகாரியே கேட்டும், "நான் போட்ட கோடு இல்ல சார்" என்று பேனாவைத் திருப்பிக் கொடுத்தவர் அவர். கட்டம் காலியாக இருந்தால் பிரிண்ட் அறையில் தாளை வாங்கமாட்டார்கள். தகுதிகாணில் இருப்பவர்கள் கட்டத்தில் பெயர் போடக் கூடாது. அதனால் எங்களுக்குப் பழகுவதற்கான தாள்கள் மட்டுமே கிடைக்கும்.

ஐந்து மாதம் முடிந்தபோது என் நோட்டில் இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒன்று தும்மலுக்கு. இன்னொன்று எல்லையைத் தாண்டி ஓடிய ஒரு கோட்டுக்கு. இன்னும் ஒரு மாதம். இன்னும் ஒரே ஒரு வட்டம். நைனாவுக்கு இது தெரியாது. "எங்க பொண்ணு ஆபீசரு" என்று சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜுக்குக் காத்திருக்கும் வரிசையில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

அப்போதுதான் ரஷ்யாவிலிருந்து காற்றாடி வந்தது. வீட்டுக் காற்றாடி இல்லை. ஷாஃப்டுக்குள் காற்றை இறக்குகிற, ஒரு வீட்டளவு பெரிய இயந்திரம். நைனா வேலை செய்யும் ஷாஃப்டுக்குத்தான். அதனுடன் பதினோரு தாள் படங்களும் வந்தன. ஒரே ஒரு செட். அடுத்த திங்கட்கிழமை அடித்தளத்துக்குக் கான்கிரீட் போடவேண்டும். அதற்குள் பிரிண்ட் வேண்டும். நான்கு டிரேசர்களில் ஒருவர் பிரசவத்துக்குப் போயிருந்தார், ஒருவருக்கு மஞ்சள்காமாலை, ஜெயம்மா அக்கா கையில் வேறு அவசர வேலை. மிச்சம் நான்.

சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயே பண்ணு. கட்டத்துல பேரு போடறத பத்தி அப்பறம் பாத்துக்கலாம். ரஷ்ய எழுத்தெல்லாம் அப்பிடியே எடு. இங்கிலீஷ் அர்த்தம் கீழ பின்னால சேப்பாங்க." பிறகு ஒரு அட்டையைக் கொடுத்தார். எங்கிருந்தோ பார்த்து அவர் கையாலேயே அழகாக எழுதிய ரஷ்ய எழுத்துகள். "முப்பத்து மூணு எழுத்து. இதுக்கு மேல ஒண்ணு கண்ணுல பட்டா அது எழுத்து இல்லம்மா, அழுக்கு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஆபீஸில் யாருமே படிக்க முடியாத எழுத்தை நான் எழுதப்போகிறேன்! முதல் நாளே அந்த முப்பத்து மூன்றையும் மனப்பாடம் செய்தேன். வண்டுபோல் கால் விரித்த ஒன்று, நாற்காலிபோல் ஒன்று, கண்ணாடியில் பார்த்த R போல ஒன்று. மரகதக்காவின் வாசலில் அந்த வண்டை ஒரு கோலமாகப் போட்டுவிட்டு வரலாமா என்றுகூட நினைத்தேன்.

முதல் தாளின் வலது கீழ் மூலைக்கு வந்தபோது கை நின்றது. அங்கே ஒரு கட்டத்தில் கையால் எழுதிய ஒரு சொல். அதன் முதல் எழுத்து இங்கிலீஷ் K போல இருந்தது. ஆனால் அதன் வலது காலின் அடியில் ஒரு குட்டி வால் கீழே இறங்கியது: Қ. அட்டையில் தேடினேன். வால் இல்லாத K இருந்தது. வால் உள்ளது இல்லை. சாரின் கண்ணாடியை இரவல் வாங்கிப் பார்த்தேன். மை வழிந்திருந்தால் ஓரம் பிசிறியிருக்கும். இது சுத்தமான, நினைத்துப் போட்ட கோடு. அடுத்த தாளை எடுத்தேன். அதே இடம், அதே சொல், அதே வால். பதினோரு தாளிலும்.

அப்போதே போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நான் கண்டுபிடித்தது, எனக்குத் தெரியும் என்கிற கர்வம். பதினோரு தாளிலும் அந்தச் சொல்லை வாலோடு, ஒரு மயிரிழை பிசகாமல் எடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொண்டுபோய் சார் மேஜையில் வைத்தேன்.

பத்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"இன்னாம்மா இது?"

"எழுத்து சார்."

"முப்பத்து மூணுல இல்லியே. மை வழிஞ்சத எல்லாம் எடுத்து வெச்சிருக்க." சிவப்புப் பென்சில் காதிலிருந்து இறங்கியது.

"பதினோரு தாள்லயும் ஒரே எடத்துல மை வழியுமா சார்?"

அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை. ஜெயம்மா அக்கா நிமிர்ந்து பார்த்தார். சார் பதில் சொல்வதற்குள் ரஷ்யாவிலிருந்து வந்த தாள்களை அள்ளிக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவர்ப் பலகையில் பதினோரு மூலைகளையும் வரிசையாகக் குத்தினேன். அதுதான் நான் ஸ்டூலில் ஏறிய கதை. கத்தவில்லை. கொஞ்சம் சத்தமாகப் பேசியிருக்கலாம்.

சார் வரிசையாக ஒவ்வொரு மூலையையும் கண்ணாடி வைத்துப் பார்த்தார். கடைசி மூலையில் நின்றார். "மை இல்ல" என்றார். "ஆனா ரஷ்ய எழுத்தும் இல்ல. அப்பறம் இது இன்னா?"

இதைக் கேட்பதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். காற்றாடியைப் பொருத்த வந்த ரஷ்ய இன்ஜினியர். அவருடைய முழுப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. எல்லோருக்கும் அவர் செர்ஜி சார். கீழே ஸ்டோரில் இருந்தவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தலை நிறையத் தூசியோடு வந்தவர், சுவரைப் பார்க்கவில்லை. மேஜைமேல் இருந்த என் துணியைப் பார்த்தார். குனிந்தார். ஒரு விரலை வாலுக்கு நேராக வைத்தார். பிறகு ஆபீஸே அதிர ஒரு சிரிப்பு.

"கிம்பத்! இந்தியாவுல கிம்பத்!"

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷிலும் கையாலும் அவர் சொன்னதை நாங்கள் கூட்டிச் சேர்த்துக்கொண்டோம். அந்தத் தொழிற்சாலை இருப்பது ரஷ்யர்களின் ஊரில் இல்லை, கசாக்குகளின் ஊரில். அவர்களுடைய மொழிக்கு முப்பத்து மூன்று எழுத்து போதவில்லை. அதனால் கூடுதலாக ஒன்பது எழுத்துகள் வைத்துக்கொண்டார்கள். இருக்கிற எழுத்துக்கு ஒரு வால், ஒரு குறுக்குக்கோடு, இப்படி. இந்த வால் வைத்த K, தொண்டையின் அடியிலிருந்து வரும் ஒரு ஒலி. படத்தில் மற்ற எல்லாம் ரஷ்ய மொழி. அந்த ஒரு சொல் மட்டும் ஒரு பெண்ணின் பெயர். தன் பெயரை மட்டும் அவள் தன் எழுத்தில் எழுதுவாளாம்.

"சொல்லுங்க" என்று எங்களுக்குச் சொல்லிக் காட்டினார். ஜெயம்மா அக்கா சொன்னார். நான் சொன்னேன். கிளார்க்குகள் சொன்னார்கள். டிராயிங் ஆபீஸ் முழுவதும் உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பதுபோல் ஆகிவிட்டது. சார் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்தார். நாங்கள் எல்லோரும் பார்த்ததும் ஒரே ஒரு தடவை சொன்னார். சுடு டீயை அவசரமாக விழுங்கியவர் போல இருந்தது. செர்ஜி சார் கைதட்டினார்.

"பேருக்கு அர்த்தம் இன்னான்னு கேளுங்க சார்" என்றேன். விலை உயர்ந்தது, அருமையானது என்று செர்ஜி சார் சொன்னதும் ஜெயம்மா அக்கா துள்ளினார். "நம்ம கிம்மத்து! எங்க கன்னடத்துலயும் விலைக்கு கிம்மத்துன்னுதானே சொல்வோம்!"

நான் பறந்துகொண்டிருந்தேன். என் மூன்றாவது வட்டம் போய்விட்டது. வால் எழுத்துதான். நான் சொன்னது சரி.

செர்ஜி சார் அப்போதுதான் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். அந்தக் கட்டத்தைத் தட்டிக் காட்டி, காற்றில் பேனா பிடித்துக் கோடு இழுத்துக் காட்டி: "கிம்பத், காப்பி. ஷீ காப்பி."

அது டிரேசர் கட்டம்.

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பழைய தாளில் இருக்கும் டிரேசர் பெயரைப் புதுத் துணியில் எடுக்கவே கூடாது. புதுத் துணியில் புது டிரேசரின் பெயர்தான் வரவேண்டும். நானோ பதினோரு துணியிலும், இதை டிரேஸ் செய்தது கிம்பத் என்று மையால் எழுதி வைத்திருக்கிறேன். அதுவும் வாலோடு, மயிரிழை பிசகாமல்.

"நீ போட்ட கோட்டுக்கு அவ பேர போட்டிருக்க" என்றார் சார்.

"தெரியாது சார்."

"தெரியலன்னா கேக்கணும்மா. எழுத்து தெரியலன்னப்பவே கேட்டிருந்தா கட்டமும் தெரிஞ்சிருக்கும்."

சிவப்புப் பென்சில் அவர் கையில் இருந்தது. ஒரு வட்டம் போதும். அவர் முன்னால் பதினொன்று இருந்தன. லைன் வீடுகள் எல்லாவற்றுக்கும் கைக்குட்டை தைக்கலாம் என்று ஒரு கிறுக்குத்தனமான நினைப்பு ஓடியது. சிரிப்பு வேறு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

"சொரண்டிடறேன் சார். பேர மட்டும்தானே?"

"சொரண்டினா கட்டம் காலி. காலின்னா பிரிண்ட் ரூம்ல வாங்கமாட்டான். திங்கக்கெழம கான்கிரீட்டு."

"நான் என் பேர போட்டுடறேன் சார்" என்றார் ஜெயம்மா அக்கா.

"நீ போட்ட கோடா?"

"இல்ல."

"அப்பறம்?"

"அப்போ நீங்க போடுங்க சார். நீங்கதானே பாத்தீங்க."

"பாத்தேன். போட்டது நான் இல்லியே."

கோட்டைப் போட்டவள் ஒருத்தி. அவளுக்குப் பெயர் போட உரிமை இல்லை. உரிமை உள்ளவர்கள் இரண்டு பேர். அவர்கள் கோட்டைப் போடவில்லை. செர்ஜி சார் ஒன்றும் புரியாமல் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். சார் பதினோரு துணியையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். இந்தத் தடவை மூலையைப் பார்க்கவில்லை, கோடுகளை. விசிறி இதழ்களின் வளைவை, ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த வட்டங்களை, ஆணித் துளைகளை. அரைமணி நேரம் ஆனது. கண்ணாடியைத் துடைக்கவே இல்லை.

பிறகு துணிகளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து என் பெயர் போட்ட ஃபைலையும் எடுத்துக்கொண்டு, சீஃப் இன்ஜினியர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் என் டிஃபன் பாக்ஸைப் பையில் வைத்தேன். மை டப்பாவை மூடினேன். மறுபடி திறந்தேன். நைனாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். "வாங்க போங்க" என்பதை நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம், அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

கதவு திறந்தது. "ஒக்காரும்மா, எதுக்கு நிக்கற?" என்றார் சார். "மாசக் கடைசி வரைக்கும் பாக்க நேரமில்ல. இன்னிலருந்து நீ பர்மனென்ட். சீஃப் கையெழுத்துப் போட்டாச்சு. உன் பேர போடு."

சொல்லிக்கொண்டே என் நோட்டைத் திறந்து மூன்றாவது வட்டத்தைப் போட்டார். நான் விழித்தேன். "இது கேக்காததுக்கு. பர்மனென்ட் ஆனவங்கள இதுக்காக வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆனா வட்டம் வட்டந்தான்."

ஜெயம்மா அக்கா என் முதுகில் அடித்த அடி இன்னும் வலிக்கிறது.

"அவங்க பேரு சார்? சொரண்டவா?"

அவர் செர்ஜி சாரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொதல்ல அவ போட்டா, அப்பறம் நீ போட்ட. ரெண்டு பேரும் போட்ட கோடுதானே. இருக்கட்டும். பக்கத்துல போடு."

பேனாவை எடுத்தேன். எந்த எழுத்தில்? ஆபீஸில் எல்லோரும் இங்கிலீஷில்தான் போடுவார்கள். என் பெயரை இங்கிலீஷில் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி எழுதினார்கள், வேலை உத்தரவில் ஒரு மாதிரி, சம்பளச் சீட்டில் ஒரு மாதிரி. எதைப் படித்தாலும் அது வேறு யாரோ.

"சார், தமிழ்ல போடட்டா?"

"டிராயிங்ல தமிழா?"

"அவங்க அவங்க எழுத்துல போட்டாங்களே சார்."

தேவசகாயம் சார் கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத் துடைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "சின்னதா போடு" என்றார்.

சின்னதாகப் போடவில்லை. கிம்பத் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம். எழிலரசி, பதினோரு தடவை. ஒன்றில்கூட மை வழியவில்லை. மத்தியானத்துக்குள் தாள்கள் பிரிண்ட் அறைக்குப் போயின. திங்கட்கிழமை கான்கிரீட் விழுந்தது.

அடுத்த வாரம் ஃபிட்டர்களின் மேஸ்திரியிடமிருந்து ஒரு சீட்டு வந்தது. முதல் தாள் கெட்டுப்போனது, வேறு பிரிண்ட் வேண்டும். ஒரு வாரத்தில் எப்படிக் கெடும் என்று சார் அதைக் கொண்டுவரச் சொல்லி விரித்தார். காற்றாடி அப்படியே இருந்தது. இதழ்கள், ஆணித் துளைகள், அளவுகள், எதிலும் ஒரு கீறல் இல்லை. வலது கீழ் மூலையில் மட்டும் ஒரு ஓட்டை. கிம்பத்தும் இல்லை, நானும் இல்லை. ஓட்டையைச் சுற்றிக் கறுப்பாகக் கிரீஸ்.

சாயங்காலம் வீட்டில் நைனாவைக் கேட்டேன். "நீங்க அந்த நீலக் காயிதத்த இன்னா பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலிங்கம்மா" என்றார் நைனா. "உங்க பேரு எதுன்னு ஃபிட்டர் காமிச்சாரு. கேஜ்ல மேல வந்தவங்களுக்கு நான் காமிச்சேன். ஒவ்வொருத்தரும் தொட்டுப் பாத்தாங்க."

"எத்தினி பேரு?"

"மூணு ஷிஃப்டும்" என்றார்.

சார் இரண்டாவது பிரிண்ட் போடச் சொன்னார். மாதம் முடிவதற்குள் மூன்றாவதும் போட்டோம்.